கிட்டாரில் முதல் இரண்டு மாதம்: குமரி மேற்கில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

மார்த்தாண்டம், கருங்கல், களியக்காவிளை பக்கம் ஒரு வீட்டில் கிட்டார் இருந்தால், ஆலயப் பாடகர் குழுவுக்காக வாங்கியதாக இருக்கும். இல்லையென்றால் வளைகுடாவிலிருந்து வந்த அண்ணன் தம்பிக்கு வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். அவற்றில் பல மூன்றாவது வாரத்திலேயே அலமாரி மேல் ஏறிவிடுகின்றன. கேட்டால், "விரல் வலிக்குது, சத்தமும் சரியா வரல" என்பார்கள். வலியும் உண்மை, சத்தம் வராததும் உண்மை. ஆனால் அதற்குக் காரணம் கற்கிறவரின் கை என்று நினைப்பதுதான் தவறு. பெரும்பாலும் கம்பி அளவுக்கு மேல் உயரமாக நிற்கும், அல்லது விரல் கழுத்திலிருக்கும் உலோகக் கோட்டை விட்டுத் தள்ளி நிற்கும், அல்லது இரண்டும் சேர்ந்திருக்கும். இவற்றைச் சரி செய்யாமல் மணிக்கணக்காகப் பயிற்சி செய்து பயனில்லை.

முதலில் கருவி

ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார்தான் நம் பக்கத்தில் பெரும்பாலோர் வாங்குவது. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் விரல் குறைவாக வலிக்கும், ஆனால் கழுத்து அகலம். சிறிய கை உள்ளவர்களுக்கு விரல் எட்டாது. கூட்டமாகப் பாடுகிறவர்களுக்கு வாசிக்க வேண்டுமென்றால் ஸ்டீல் கம்பியே போதிய சத்தம் தரும். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முழு அளவுக் கிட்டார் வேண்டாம், முக்கால் அளவு வாங்குங்கள்.

நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ கடைக்குப் போகும்போது பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் பிரெட். தலைப்பக்கத்திலிருந்து பன்னிரண்டாவது பிரெட்டை எண்ணிப் பிடித்து, அதன் மேல்முனைக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். தடித்த கம்பியில் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய கம்பியில் 2 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் கம்பியை அழுத்த இரட்டிப்புப் பாடுபட வேண்டியிருக்கும். இந்த உயரத்தைத்தான் கிட்டார்க்காரர்கள் ஆக்‌ஷன் என்கிறார்கள். "ஆக்‌ஷனை இறக்கித் தாருங்கள்" என்று கடையிலேயே கேளுங்கள். மேல்பலகையில் கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் மரக்கட்டை பிரிட்ஜ். அதில் கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டு சாடில். அதன் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் ஆக்‌ஷன் இறங்கும். பன்னிரண்டாவது பிரெட்டில் 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சாடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். தேய்த்ததை ஒட்ட முடியாது என்பதால், பழகும்வரை இதை நீங்களே செய்ய வேண்டாம். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் வைத்திருக்கும் டிரஸ் ராட் என்ற கம்பியையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

கம்பி மாற்றும்போது 010 என்று தொடங்கும் எக்ஸ்ட்ரா லைட் செட் கேளுங்கள். கிட்டாரோடு பல நேரம் 012 செட் வரும். அந்த எண் முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று. கேட்க இரண்டு பங்கு வித்தியாசம்தான், விரலுக்கு அது பெரிய வித்தியாசம். கம்பியை அடிக்கும் சிறு தகடான பிக் 0.60 முதல் 0.73 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அதைவிடத் தடித்தது கம்பியில் மாட்டி இழுக்கும்.

சுருதி சேர்ப்பது

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வோம். மெல்லிய கம்பிதான் முதல் கம்பி, தடித்தது ஆறாவது. மடியில் வைத்துப் பார்க்கும்போது தடித்த கம்பி மேலே தெரிவதால் அதைச் சிலர் "மேல் கம்பி" என்பார்கள். இன்னும் சிலர் மேல் ஸ்தாயி என்ற பொருளில் மெல்லியதை அப்படிச் சொல்வார்கள். எண்ணைச் சொல்லிப் பேசினால் இந்தத் தகராறு இல்லை. எல்லைக்கு அப்புறமிருந்து வரும் மலையாள வீடியோக்களைப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கும் இதே எண்கள்தான், கார்டுகளுக்கும் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது கார்டு) அதே ஆங்கில எழுத்துகள்தான்.

ஆறாவதிலிருந்து முதல் கம்பிவரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஆர்மோனியம் பழகியவர்களுக்கு இன்னொரு வழியில் சொல்லலாம்: ஆறாவது கம்பியை ச என்று வைத்தால், ஐந்தாவது சுத்த மத்யமம், நான்காவது கைசிகி நிஷாதம், மூன்றாவது சாதாரண காந்தாரம், இரண்டாவது பஞ்சமம், முதல் கம்பி மீண்டும் ச. ஆறாவதற்கும் முதலாவதற்கும் இடையே இரண்டு ஸ்தாயி தூரம். ஆறாவது 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, முதலாவது அதைப்போல் நான்கு மடங்கு, 329.6 ஹெர்ட்ஸ்.

தலையில் கவ்வும் கிளிப் டியூனர் இருந்தால் போதும், போன் ஆப்பும் போதும். கம்பியை எப்போதும் கீழிருந்து மேலாக ஏற்றிச் சேருங்கள். சுருதி மேலே போய்விட்டால் அதைவிடத் தாழ்வாக இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கிச் சரியான இடத்தில் நிறுத்தினால் முறுக்காணியில் தளர்வு நிற்கும், இரண்டு பாட்டுக்குள் கம்பி இறங்கிவிடும். புதுக் கம்பி இரண்டு மூன்று நாள் இழுபடும். அது கருவியின் கோளாறு இல்லை.

டியூனர் இல்லாத நேரத்துக்கு ஒரு வழி: ஆறாவது கம்பியை ஐந்தாவது பிரெட்டில் அழுத்தினால் வரும் சுரம்தான் ஐந்தாவது கம்பியின் திறந்த சுரம், அதாவது எங்கும் அழுத்தாமல் தட்டினால் வரும் சுரம். ஐந்தாவதை வைத்து நான்காவதும், நான்காவதை வைத்து மூன்றாவதும் அதேபோல். மூன்றாவதிலிருந்து இரண்டாவதைச் சேர்க்கும்போது மட்டும் நான்காவது பிரெட். பிறகு பழையபடி ஐந்தாவது. அந்த ஒரு விதிவிலக்கை மறந்துதான் பலர் இரண்டாவது கம்பியை அரைச் சுரம் கூட்டிச் சேர்த்துவிடுகிறார்கள்.

ஆலயத்தில் பழைய ஆர்மோனியத்தோடு வாசிக்கும்போது டியூனர் சரி என்று சொன்னாலும் காதுக்கு இடிக்கலாம். ஆப், ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் சேர்க்கிறது; ஆர்மோனிய ரீடுகள் வருடக்கணக்கில் சற்று விலகியிருக்கும். ரீடை அங்கே யாரும் திருத்தப் போவதில்லை, ஆகவே ஆர்மோனியத்தில் ஈ கட்டையை அழுத்தச் சொல்லி அதற்குக் கிட்டாரைச் சேருங்கள்.

விரல் எங்கே, எவ்வளவு

கைப்பிடி இல்லாத நாற்காலியில் முதுகு நேராக உட்கார்ந்து, கிட்டாரின் இடுப்பை வலது தொடையில் வையுங்கள். கழுத்து தரைக்கு இணையாக இல்லாமல் சற்று மேல் நோக்கி இருக்கட்டும். கிட்டாரின் எடையை வலது முன்கையும் தொடையும் தாங்க வேண்டும். இடது கை எதையும் தாங்கக் கூடாது. அதை எடுத்துவிட்டாலும் கிட்டார் அசையாமல் நிற்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். விரல் தெரிய வேண்டும் என்று கிட்டாரின் முகத்தை மேலே பார்த்துச் சாய்ப்பது எல்லோரும் செய்வது. அப்படிச் சாய்த்தால் இடது மணிக்கட்டு மடங்கும், விரல் படுத்துவிடும்.

இடது கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

இனி வரும் சோதனைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். மூன்றாவது கம்பியில் ஐந்தாவது பிரெட்டை ஒட்டி, தலைப்பக்கமாக, நடுவிரல் நுனியை வையுங்கள். அழுத்தாமல் சும்மா தொட்டுக்கொண்டு வலது கையால் கம்பியைத் தட்டுங்கள். 'தப்' என்று செத்த சத்தம் வரும். தட்டிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். 'தப்' என்பது 'ஜிர்ர்' ஆகும். இன்னும் சற்றுக் கூட்டினால் ஒரு கட்டத்தில் சுரம் சுத்தமாக மணி போல வரும். அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் கம்பிக்கு வேண்டிய அழுத்தம் அவ்வளவுதான். இதுவரை நீங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது அதைப்போல் இரண்டு மூன்று பங்கு என்பது அப்போதே தெரியும்.

இப்போது அதே விரலை இரண்டு பிரெட்டுக்கும் நட்டநடுவே நகர்த்தி மறுபடி செய்யுங்கள். சுத்தமான சத்தத்துக்கு முன்பைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டியிருக்கும். பின்னால் இருக்கும் பிரெட்டின் அருகே நகர்த்தினால் இன்னும் கூடுதல். விரல் பிரெட்டை ஒட்டி நின்றால் கம்பி அந்த உலோகத்தின்மேல் உடனே உறுதியாக உட்காரும். தள்ளி நின்றால் நீங்கள் அழுத்தும் இடத்தில் மட்டும் கம்பி குனிந்து, பிரெட்டின்மேல் லேசாகத்தான் படும். அப்படி லேசாகப் படுவதால் பிறப்பதுதான் 'ஜிர்ர்'. அதனால் இரைச்சல் வந்தால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், விரலை முன்னே நகர்த்துங்கள். பிரெட்டுக்கு மேலேயே ஏறிவிட்டால் மட்டும் சத்தம் மறுபடி செத்துவிடும்.

அளவுக்கு மேல் அழுத்தினால் வலி மட்டும் மிச்சமில்லை, சுருதியும் ஏறும். டியூனரில் எல்லாக் கம்பியும் சரியாக இருந்தும் கார்டு இடித்தால் இதுதான் காரணம். கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினாலும் அதே விளைவு.

கட்டைவிரல் கழுத்தின் பின்புறம், நடுவிரலுக்கு நேராகச் சும்மா நிற்கட்டும். கட்டைவிரலை எடுத்துவிட்டும் ஒரு சுரம் வாசித்துப் பாருங்கள். வாசிக்க முடிந்தால் பிடி சரி. ஒரு மணி நேரம் ஒரேயடியாக உட்காருவதை விட, பத்து நிமிடமாக நாளுக்கு மூன்று தடவை நல்லது. விரல் நுனி எரிவது இரண்டு மூன்று வாரத்தில் தோல் தடித்து அடங்கிவிடும். மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ வலித்தால் அது வேறு. அன்றைக்கு நிறுத்திவிட்டு, உட்காரும் விதத்தை மாற்றுங்கள்.

ஐந்து கார்டுகள்

ஈ மைனரில் தொடங்குங்கள்: ஐந்தாவது கம்பி இரண்டாவது பிரெட்டில் நடுவிரல், நான்காவது கம்பி இரண்டாவது பிரெட்டில் மோதிரவிரல். ஆறு கம்பியும் ஒலிக்கலாம். அடுத்தது ஏ மைனர்: இரண்டாவது கம்பி முதல் பிரெட்டில் ஆள்காட்டி, நான்காவது கம்பி இரண்டாவது பிரெட்டில் நடுவிரல், மூன்றாவது கம்பி இரண்டாவது பிரெட்டில் மோதிரவிரல். இதில் ஆறாவது கம்பியைத் தொடாமல் ஐந்தாவதிலிருந்து அடிக்க வேண்டும்.

கார்டைப் பிடித்ததும் ஒரேயடியாக அடிக்காதீர்கள். ஒவ்வொரு கம்பியாகத் தட்டுங்கள். எது சாகிறதோ அதை மட்டும் பாருங்கள்: அநேகமாகப் பக்கத்து விரலின் சதை அதன்மேல் சாய்ந்திருக்கும். ஏ மைனரில் முதல் கம்பி சாவது ஆள்காட்டி விரல் படுத்திருப்பதால். அந்த விரலின் கடைசிக் கணுவை மடக்கி, நுனியால் நிறுத்தினால் முதல் கம்பி தானே திறந்துகொள்ளும்.

இங்கிருந்து சி கார்டுக்குப் போவது ஒரு விரல் தூரம்தான். ஏ மைனரைப் பிடித்த நிலையில் ஆள்காட்டியையும் நடுவிரலையும் அசைக்காதீர்கள். மோதிரவிரல் மட்டும் மூன்றாவது கம்பியை விட்டெழுந்து, மேலே ஐந்தாவது கம்பியின் மூன்றாவது பிரெட்டுக்குப் போய் உட்காரட்டும். அதுதான் சி. திரும்பி வந்தால் ஏ மைனர். முதல் தடவை மூன்று விரலும் சேர்ந்து எழுந்துவிடும். அது எல்லாக் கைக்கும் உள்ள பழக்கம். அதைத் தடுக்க, வலது கையை மடியில் வைத்துவிட்டு, சத்தமே இல்லாமல் மோதிரவிரலை மட்டும் இருபது தடவை அனுப்பி, திருப்பி அழையுங்கள். விரல் கம்பியிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழ வேண்டியதில்லை. விரல் எவ்வளவு உயரம் எழுகிறதோ, அவ்வளவு தாமதமாகத்தான் கார்டு மாறும்.

ஜி கார்டை நான்கு விரலால் பழகுங்கள்: ஆறாவது கம்பி மூன்றாவது பிரெட்டில் நடுவிரல், ஐந்தாவது கம்பி இரண்டாவது பிரெட்டில் ஆள்காட்டி, இரண்டாவது கம்பி மூன்றாவது பிரெட்டில் மோதிரவிரல், முதல் கம்பி மூன்றாவது பிரெட்டில் சுண்டுவிரல். மூன்று விரல் போதுமே என்று சொல்கிறவர்கள் உண்டு. நான்கு விரலைப் பரிந்துரைக்கக் காரணம் டி கார்டு. டி-யில் மூன்றாவது கம்பி இரண்டாவது பிரெட்டில் ஆள்காட்டி, முதல் கம்பி இரண்டாவது பிரெட்டில் நடுவிரல், இரண்டாவது கம்பி மூன்றாவது பிரெட்டில் மோதிரவிரல். பாருங்கள், மோதிரவிரல் ஜி-யிலும் டி-யிலும் ஒரே இடத்தில் நிற்கிறது. அதை நங்கூரமாக வைத்துக்கொண்டு மற்ற விரல்கள் இடம் மாறினால் போதும். டி-யில் நான்காவதிலிருந்து முதலாவது வரை உள்ள நான்கு கம்பிகள்தான் ஒலிக்க வேண்டும்.

எந்த இரண்டு கார்டை எடுத்தாலும், ஒரு நிமிடம் அலாரம் வைத்து எத்தனை தடவை சுத்தமாக மாற்ற முடிகிறது என்று எண்ணுங்கள். 30 வந்தால் மெதுவான பாட்டுக்குப் போதும். 60 வந்தால் அந்த ஜோடியை விட்டு அடுத்ததற்குப் போகலாம். எண்ணிக்கையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பத்து நாளில் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

வலது கை நிற்கக் கூடாது

பிக்கைச் சாவி பிடிப்பதுபோல் ஆள்காட்டியின் பக்கவாட்டுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே பிடியுங்கள். நுனி அரை சென்டிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும், கையில் ஒட்டிய தண்ணீரை உதறுவதுபோல.

முதல் வாரம் கீழ்நோக்கி மட்டும், ஒன்று இரண்டு மூன்று நான்கு, தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து. இரண்டாம் வாரம் ஒவ்வொரு எண்ணுக்கும் இடையே மேல்நோக்கி ஒன்று சேருங்கள். அதன்பின் எல்லோரும் கேட்கும் அந்த அடி: கீழ், கீழ், மேல், மேல், கீழ், மேல். இதன் ரகசியம், கை எட்டுத் தடவையும் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கிறது, ஆறு தடவை மட்டும் கம்பியைத் தொடுகிறது என்பது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே மேலே வரும்போதும், மூன்றாவது எண்ணுக்குக் கீழே போகும்போதும் கை காற்றில் போகும். கையை நிறுத்தி நிறுத்தி இந்த ஆறு அடியை மனப்பாடம் செய்தவர்களின் தாளம் பாட்டு வேகம் பிடித்ததும் உடைந்துவிடும்.

இடது கை அடுத்த கார்டுக்கு வந்து சேரவில்லை என்றாலும் வலது கை நிற்கக் கூடாது. கடைசி மேல் அடி திறந்த கம்பியில் விழுந்தால் கேட்கிறவர் காதில் அது உறுத்தாது. தாளம் நின்றால் உடனே தெரியும். நம் ஆலயப் பாடல்களில் மூன்று எண்ணிக்கையில் நடப்பவை நிறைய. அவற்றுக்குக் கீழ், கீழ்-மேல், கீழ்-மேல் என்பது போதும், முதல் அடி சற்று அழுத்தமாக.

கட்டையும் கேப்போவும்

பாடுகிறவர் "ரெண்டரைக் கட்டை" என்றதும் புதியவர்கள் திகைப்பார்கள். 1 கட்டை என்பது சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகள் அவற்றுக்கு நடுவே; 3-க்கும் 4-க்கும் இடையிலும், 7-க்கும் அடுத்த 1-க்கும் இடையிலும் மட்டும் அரை இல்லை. மேஜர் ராகத்தில் போகும் எளிய பாட்டுகளுக்கு இரண்டு கார்டுக் குடும்பங்கள் கையில் இருந்தால், மீதியைக் கேப்போ பார்த்துக்கொள்ளும். கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பிகளையும் ஒரே பிரெட்டில் அழுத்தும் கவ்விதான் கேப்போ.

ஜி, சி, டி, ஈ மைனர் குடும்பத்தைத் திறந்து வாசித்தால் 5 கட்டை. கேப்போவை முதல் பிரெட்டில் போட்டால் 5½, இரண்டில் 6, மூன்றில் 6½, நான்கில் 7, ஐந்தில் 1, ஆறில் 1½. அடுத்து டி, ஜி, ஏ குடும்பம். ஏ கார்டு என்பது நான்கு, மூன்று, இரண்டாவது கம்பிகளை இரண்டாவது பிரெட்டில் மூன்று விரலால் அழுத்துவது. இது திறந்த நிலையில் 2 கட்டை, கேப்போ ஒன்றில் 2½, இரண்டில் 3, மூன்றில் 4, நான்கில் 4½. பன்னிரண்டு சுருதியும் இதில் அடங்கிவிட்டது. விரலுக்குச் சொன்னதே கேப்போவுக்கும்: பிரெட்டை ஒட்டிப் போடுங்கள், போட்டதும் சுருதியை ஒருமுறை பாருங்கள்.

மழையும் உப்புக்காற்றும்

அக்கூஸ்டிக் கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் ஏற்றது. இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் நம் பக்கத்தில் அது 80-ஐத் தாண்டுவது சாதாரணம், வடகிழக்குப் பருவமழையான துலா மழையிலும் அப்படித்தான். மரம் ஈரத்தை உறிஞ்சி மேல்பலகை உப்பும், அதனோடு பிரிட்ஜும் எழும், ஆக்‌ஷன் ஏறும். கோடையில் நன்றாக வாசித்த கிட்டார் ஆடி மாதம் விரலைக் கடிப்பது அதனால்தான். ஒட்டுப்பலகை இல்லாமல் முழு மரத்தில் செய்த சாலிட் பலகைக் கிட்டாரில் இது கூடுதல், பிளைவுட் பலகையில் குறைவு. ஈரம் அதிகமான நம் ஊருக்கு, தொடக்கத்தில் பிளைவுட் பலகையே நிம்மதி.

மழை பெய்யும் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து போட்டு, அவற்றை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் அதைவிட மோசம். சூட்டில் பசை இளகி, கம்பியின் இழுப்பில் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

குளச்சல், தேங்காப்பட்டணம் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் அடியுமாகத் துடையுங்கள். வாசிக்கும் முன்பு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், தலையில் எண்ணெய் தேய்த்த கை என்றால் கட்டாயம். விரற்பலகை பளபளக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் தடவும் வழக்கம் வேண்டாம். அது காலப்போக்கில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்துவைக்கும். கம்பி கறுத்து, தடவினால் சொரசொரப்பாக இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆறையும் ஒன்றாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

குழுவில் முதல் தடவை

எட்டாவது வாரத்தில் ஐந்து கார்டும் ஓரளவு மாறினால் பாடகர் குழுவில் உட்காரலாம். ஆர்மோனியக்காரரின் கை தெரியும் பக்கத்தில் இடம் பிடியுங்கள். முதல் இரண்டு வாரம் முழு அடியும் வேண்டாம். ஒவ்வொரு சுற்றின் முதல் எண்ணுக்கு மட்டும் கார்டை ஒருமுறை மெதுவாக அடித்து, ஒலிக்க விடுங்கள். கார்டு மாறும் இடங்கள் காதில் பதிந்தபின் மூன்றாவது எண்ணையும் சேருங்கள். எஃப் கார்டு வந்தால் ஆறு கம்பியும் அழுத்தப் போராட வேண்டாம்: ஆள்காட்டியைப் படுக்கவைத்து முதல் இரண்டு கம்பியையும் முதல் பிரெட்டில் அழுத்தி, மூன்றாவது கம்பி இரண்டாவது பிரெட்டில் நடுவிரல், நான்காவது கம்பி மூன்றாவது பிரெட்டில் மோதிரவிரல் வைத்து, அந்த நான்கு கம்பியை மட்டும் அடியுங்கள். இதில் ஆள்காட்டியைச் சற்றுப் பக்கவாட்டில், எலும்புப் பக்கமாகத் திருப்பி வைத்தால் இரண்டு கம்பியும் சேர்ந்து ஒலிக்கும்.